திருச்சி – யாழ்ப்பாணம் விமானம்: 99ஆ, 114ஆ, 184ஆ? ஒரே நாளில் இரண்டு இடத்தில் வாசிக்க முடியுமா?

தஞ்சாவூர்_மேளம்

எல்லாருக்கும் வணக்கம். நான் தவில் வாசிப்பவன், தஞ்சாவூர் பக்கம். ஆவணியில் யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு நாலு பேர் செட்டாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். சாயங்காலம் 6 மணிக்கு அங்கே உட்கார வேண்டும். சிக்கல் என்னவென்றால் அதே நாள் காலையில் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டு முன்பணமும் வாங்கிவிட்டேன். முகூர்த்தம் 7.30லிருந்து 9. தாலி கட்டி முடிந்ததும் கிளம்பினால் திருச்சியில் மதிய விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். டிக்கெட் தளத்தில் மதியம் ஒரு மணியையொட்டிப் புறப்பாடு, பயணம் ஒரு மணி நேரம் என்று காட்டுகிறது.

அப்புறம்தான் குழப்பம். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஒரு தளம் 99 என்கிறது, இன்னொன்று 114, மூன்றாவது 184. பறக்கும் நேரம் என்று ஒன்றில் 14 நிமிடம், ஒன்றில் 44 நிமிடம். டிக்கெட்டில் 60. எதை நம்பிக் கணக்குப் போடுவது? 14 நிமிடத்தில் போகிற ஊருக்கு எதற்கு ஒரு மணி நேரம் என்று எங்கள் நாதஸ்வரக்காரர் வேறு கேட்கிறார், அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டாவது கேள்வி, தவிலை எப்படிக் கொண்டு போவது? சின்ன விமானம் என்கிறார்கள். விமானத்தில் தவிலோடு போய்ப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நான் இதுவரை விமானம் ஏறியதே சிங்கப்பூருக்கு ஒரு தடவைதான், அது பெரிய விமானம், எல்லாம் அழைத்தவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

---

கணக்கு_வாத்தியார்

மூன்று தளமும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன தம்பி, அலகு மட்டும் வேறு. 99 என்பது கடல் மைல், விமானக்காரர்கள் வைத்திருக்கும் அளவு, ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர். 114 என்பது சாதாரண மைல். 184 நம் கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், மூன்றும் ஒரே தூரம்தான்.

தளத்தை நம்பாவிட்டால் தாளும் பேனாவும் போதும். திருச்சி விமான நிலையம் வடக்கு 10.77, கிழக்கு 78.71. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி வடக்கு 9.79, கிழக்கு 80.07. தெற்கே இறங்குவது 0.97 பாகை, பாகைக்கு 110.6 கிலோமீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட 108. கிழக்கே போவது 1.36 பாகை, இந்த அட்சத்தில் தீர்க்கரேகைப் பாகை கொஞ்சம் சுருங்கி 109.5 ஆகிறது, எனவே 149. எட்டாம் வகுப்பு பித்தகோரஸ்: 108ஐயும் 149ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184. உருண்டைக்கென்று இருக்கும் பெரிய சூத்திரத்தில் போட்டாலும் இவ்வளவு சின்ன தூரத்துக்கு அதேதான் வரும். லண்டனுக்குப் போவதானால்தான் அந்தச் சூத்திரம் வேண்டும்.

இனி நேரம். 14 நிமிடம் என்பது 184ஐ மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தது. எந்த விமானம், எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒன்றும் பார்க்காமல் எல்லா ஊருக்கும் ஜெட் வேகத்தைப் போட்டு வகுக்கிற தளம் அது. 44 எப்படி வந்தது என்றால் அதே 14, அதோடு ஏறி இறங்க என்று ஒரு 30 நிமிடம் கூட்டியிருக்கிறார்கள். சென்னை–டெல்லிக்கு அந்தச் சூத்திரம் ஓரளவு பொருந்தும். இங்கே பொருந்தாது, ஏனென்றால் யாழ்ப்பாணத்துக்கு ஜெட்டே போவதில்லை.

---

ரன்வே_ஓரம்

வாத்தியார் தூரத்தை முடித்துவிட்டார், நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். திருச்சி ஆள், மொட்டைமாடியிலிருந்து விமானம் பார்க்கிற பைத்தியம்.

இந்த வழியில் இண்டிகோ 2025 மார்ச் 30லிருந்து பறக்கிறது. விமானம் ஏடிஆர் 72, இரண்டு விசிறி உள்ள டர்போபிராப், அவர்களுடையதில் 78 இருக்கை. இதன் உச்சப் பயண வேகமே மணிக்கு 510 கிலோமீட்டர் அளவில்தான். அந்த வேகத்தில் 184ஐ வகுத்தால் 22 நிமிடம் வரும், ஆனால் அந்த வேகத்தில் இந்த விமானம் இந்த வழியில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். ஏறும்போது அதைவிட ரொம்பக் குறைந்த வேகம், இறங்கும்போது மறுபடி குறைப்பு. மேலே போய்ச் சமமானதும் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் கொடுத்து முடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்வார்கள்.

திசை இன்னொரு விஷயம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. யாழ்ப்பாணம் தென்கிழக்கே. ஆவணியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எனவே நீங்கள் போக வேண்டிய திசைக்குக் கிட்டத்தட்ட எதிராக மேற்கே பார்த்துக் கிளம்பி, அப்புறம் வளைந்து திரும்புவீர்கள். அந்த வளைவுக்கே சில நிமிடம். அந்தப் பக்கம் பலாலியில் ஓடுபாதை தென்மேற்கு–வடகிழக்காக இருக்கிறது. நீங்கள் வருவது வடமேற்கிலிருந்து, அதாவது பக்கவாட்டில். கடல் மேல் போய் வளைந்து ஓடுபாதைக்கு நேராக வந்துதான் இறக்க வேண்டும். நடுவே சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாற வேண்டும். வரைபடத்தில் 184 என்றால் சக்கரம் தூக்கி சக்கரம் பதிகிற வரை உண்மையில் பறக்கிற தூரம் அதைவிடக் கூடத்தான் வரும்.

டிக்கெட்டில் போடுகிற 60 நிமிடம் பறக்கும் நேரமே இல்லை. நிற்கிற இடத்தில் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் கட்டையை எடுத்த நேரத்திலிருந்து, அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கிற வரை உள்ள நேரம். பிளாக் டைம் என்பார்கள், அந்த பிளாக் என்பதே இந்தக் கட்டைதான். உருண்டு போவது, ஓடுபாதை ஓரத்தில் காத்திருப்பது, இறங்கி உருண்டு வருவது எல்லாம் இதில் அடக்கம். அதற்கு மேல் நிறுவனங்கள் தாமதம் என்ற பெயர் வராமல் இருக்கக் கொஞ்சம் கையிருப்பும் சேர்த்துத்தான் போடும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சென்னை–யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 354 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து போவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே ஏடிஆர். ஆனால் அட்டவணை நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான். 170 கிலோமீட்டர் கூடுதலுக்கு வெறும் 15, 20 நிமிடம்தான் கூடுகிறது, அது மேலே சமமாகப் பறக்கிற வேகத்துக்கான நேரம். அப்படியானால் மீதி 40 நிமிடம் எந்த ஊருக்குப் போனாலும் கட்ட வேண்டிய கூலி. டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் மாதிரி. உங்கள் நாதஸ்வரக்காரருக்கு இதையே சொல்லுங்கள்.

ஜன்னல் ஓரம் கிடைத்தால் இடப்பக்கம் உட்காருங்கள். நேர்கோடு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே போய் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டுகிறது. பாதி தரை, பாதி கடல். தெளிவான நாளில் இடப்பக்கம் கோடியக்கரை முனை தெரிய வாய்ப்பு உண்டு.

---

தஞ்சாவூர்_மேளம்

அடேயப்பா. பட்டுக்கோட்டைக்கு மேலே பறந்தா போகிறது! எங்கள் மாமனார் ஊர் அதுதான். கட்டைக் கதை புரிந்தது, நன்றி அண்ணே. நாதஸ்வரக்காரரிடம் டவுன் பஸ் உதாரணம் சொன்னேன், "அப்படியானால் சென்னைக்குப் போய் ஏறினால்தான் காசுக்கு லாபம்" என்கிறார். அவரை விடுங்கள்.

அப்படியானால் 9.15க்குத் தஞ்சாவூர், 10.30க்குத் திருச்சி ஏர்போர்ட், 2 மணிக்கு இறங்கி 3 மணிக்குக் கோயில் இருக்கும் நல்லூர். சரிதானே?

---

ஊரெழுக்காரன்

இல்லை அண்ணை, அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. நான் யாழ்ப்பாணம், வேலை விஷயமாகத் திருச்சிக்கு இந்த விமானத்தில் மூன்று தரம் வந்து போயிருக்கிறேன்.

முதலாவது, முகூர்த்தம் 9 மணிக்கு முடியும் என்று தவில்காரர் நீங்களே சொன்னால் யார் நம்புவது? தாலி கட்டின பிறகும் ஊர்வலம், படம் எடுப்பது என்று பிடித்து வைப்பார்கள். 9.15க்கு மண்டபத்தை விட்டு வெளிக்கிட முடியாது.

இரண்டாவது, வானத்தில் அரை மணித்தியாலம் என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். குடிவரவு, சுங்கம், பாதுகாப்புச் சோதனை, எல்லாம் துபாய் போகிறவனுக்கு உள்ளதுதான் உங்களுக்கும். மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்று நினைத்து வையுங்கள். நாலு பேர், இரண்டு தவில், இன்னும் பெட்டிகள். ஒரு தவிலை ஸ்கேனரில் போட்டு இது என்ன என்று கேட்டு நீங்கள் விளக்கி முடிக்கவே பத்து நிமிடம்.

மூன்றாவது பலாலி. முனையம் சின்னது, அதுவே ஒரு வசதி, நடக்கிற தூரம் குறைவு. ஆனால் மழைக்கால மேகம் என்றால் இறங்கத் தாமதமாகலாம். ஒரு தரம் எங்களைக் கடலுக்கு மேலே இருபது நிமிடம் சுற்ற வைத்தார்கள், பறந்ததைவிடச் சுற்றினதுதான் அதிகம் என்று பக்கத்து ஆசனக்காரர் பகிடி விட்டார். இறங்கின பிறகு குடிவரவு, சாமான், காசு மாற்றுவது என்று ஒரு மணி நேரம் வையுங்கள். பலாலியிலிருந்து யாழ் நகரம் 16, 17 கிலோமீட்டர், வாகனத்தில் 40 நிமிடம். கோயில்காரர் வாகனம் அனுப்புவார்கள்தானே, கேட்டு உறுதி செய்யுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் 4 மணிக்கு முன் நல்லூர். ஒன்று பிசகினாலும் கவலைதான், ஏனென்றால் நாளுக்கு ஒரு விமானம்தான். விட்டால் அடுத்தது மறுநாள். பேருந்து மாதிரி பின்னால் ஒன்று வராது.

இன்னொன்று, நீங்கள் வாசிக்க வருவதால் சொல்கிறேன். இங்கே யாரிடமும் "கச்சேரிக்கு வந்திருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். காணி உறுதி விஷயமா என்று கேட்பார்கள். நீங்கள் வாசிப்பதற்கு மேளச்சமா என்றுதான் பெயர்.

---

கடல்வழி

கப்பலையும் யோசிக்கலாமே? நாகப்பட்டினம்–காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர், விமானத் தூரத்தைவிடக் குறைவு! காங்கேசன்துறை பலாலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தவிலுக்கும் இடம் தாராளம்.

---

ரன்வே_ஓரம்

தூரம் குறைவு, நேரம் அதிகம். கடலில் மட்டும் நாலு மணி நேரம். கப்பல் கிளம்புவது காலையில், அவர் அப்போது தஞ்சாவூரில் தவிலோடு மணவறைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகவே இரண்டு மணி நேரம். அதோடு 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை அது, கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் முந்தின நாளே போவதானால் கப்பல் நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

கொழும்பு வழியாக யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க நேர்கோட்டில் 419 கிலோமீட்டர், ஜெட்டில் அதுவும் ஒரு மணி நேரம்தான். ஆனால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலையில் 350 கிலோமீட்டருக்கு மேல், ஆறேழு மணி நேரம். யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய், அப்புறம் திரும்பி வடக்கே வருவது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

---

பழைய_பெட்டி

இந்த இழையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் தாத்தா நாதஸ்வரம். யாழ்ப்பாணத்துக்கு வாசிக்கப் போனால் வீட்டில் ஒரு மாதத்துக்கு எதிர்பார்க்க மாட்டார்கள். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில் மாறி யாழ்ப்பாணம். போனால் ஒரு கோயிலோடு திரும்புவதில்லை, ஊர் ஊராக வாசித்துவிட்டு வருவார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. அப்புறம் ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. நீங்கள் காலையில் ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு திருவிழா என்று திட்டம் போடுகிறீர்கள்!

பலாலி புதிது இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரன் போட்ட விமானத்தளம் அது. ஏர் சிலோன் என்று ஒரு நிறுவனம் இருந்தது, 1947 டிசம்பர் 10ஆம் தேதி அதன் முதல் விமானமே கொழும்பை ஒட்டிய இரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணத்தில் இறங்கி மெட்ராஸுக்கு வந்ததுதான். டகோட்டா விமானம். போர்க்காலத்தில் அந்த இடமே உயர் பாதுகாப்பு வலயமாகி, சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் வெளியேறி, பல வருஷம் யாரும் கிட்டப் போக முடியாமல் இருந்தது. 2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வைத்துத் திறந்தார்கள், அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. நாலு மாதத்தில் கொரோனா. மறுபடி 2022 டிசம்பரில்தான் வந்தது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரம், மாற்ற வேண்டாம். 1996இலிருந்து 2006 வரை அப்படி இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கையில் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, பிறகு அதில் அரை மணியைக் குறைத்தார்கள். புலிகள் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு நேரம். 2006 ஏப்ரலில் எல்லாம் பழையபடி ஆனது.

---

தஞ்சாவூர்_மேளம்

ஐயா, படிக்கும்போது ஒரு மாதிரி இருந்தது. எங்கள் குருநாதரும் அந்தக் கப்பல் கதை சொல்வார்.

சரி, தவில் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

---

ரன்வே_ஓரம்

நான் தவில்காரன் இல்லை, ஏடிஆரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். தலைக்கு மேல் உள்ள பெட்டி ரொம்பச் சின்னது, ஜெட்டில் வைக்கிற சக்கரப் பெட்டியே பல சமயம் போகாது. தவில் உள்ளே வரவே வராது, சாமான் அறைக்குத்தான். நாதஸ்வரத்தைப் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டு போக முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், நீளம் இடிக்கலாம். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை மட்டும் எக்காரணம் கொண்டும் சாமானில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எடை விஷயத்தில் விளையாடாதீர்கள். பலாலி ஓடுபாதை ஏறத்தாழ 1400 மீட்டர். திருச்சியில் உள்ளது 2400க்கு மேல். ஏடிஆர் முழு எடையில் கிளம்பவே 1300 மீட்டர் கேட்கும், அதனால் அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. ஜெட் வராததற்கும் காரணம் இதுதான், பயணிகள் இல்லாமல் அல்ல. இரண்டு தவில் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிக் கூடுதல் எடைக்கு முன்பணம் கட்டிவிடுங்கள். கவுன்ட்டரில் போய் நின்று பேசினால் விலையும் அதிகம், இடமும் நிச்சயமில்லை.

ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. தரையில் நிற்கும்போது உள்ளே கொஞ்சம் புழுங்கும். இந்த விமானத்தில் தரையில் ஏசி ஓட்டத் தனிச் சின்ன எஞ்சின் கிடையாது, வலது எஞ்சினையே விசிறி சுற்றாமல் பிரேக் போட்டு ஓட்டுவார்கள். அதையும் ஓட்டாமல் நின்றால் வேட்டி நனைந்துவிடும்.

---

ஊரெழுக்காரன்

தவிலுக்கு மரப்பெட்டி வேண்டாம், எடை கூடும். உள்ளே பஞ்சுத் தலையணை வைத்த கனத்த உறை போதும் என்று இங்கே வருகிற கலைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருச்சியில் புறப்படும்போதே சுங்கத்தில் தவிலைக் காட்டி, கொண்டு போகிறோம் திரும்பக் கொண்டு வருவோம் என்று ஒரு சான்று வாங்கி வையுங்கள். வரும்போது கேள்வி இருக்காது.

விசாவும் கவனம். சும்மா ஊர் சுற்ற வருகிறவர் எடுக்கிற வகையும் சன்மானம் வாங்கி வாசிக்க வருகிறவர் எடுக்க வேண்டிய வகையும் ஒன்றல்ல. விதி அடிக்கடி மாறுகிறது. கோயில் நிர்வாகத்திடம் அழைப்புக் கடிதம் கேளுங்கள், அவர்களே எந்த வகை என்று விசாரித்துச் சொல்லட்டும். குடிவரவில் நாலு பேரும் வேட்டியும் விபூதியுமாக, தவிலோடு நின்று "சுற்றுலா" என்றால் அவர்களும் மனிதர்கள்தானே, சிரிப்பார்கள்.

---

கணக்கு_வாத்தியார்

கூட்டல் போட்டுவிட்டேன், பாருங்கள். திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து 55 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி. துவாக்குடியில் பிரிந்து மாத்தூர் போகிற அரைவட்டச் சாலையைப் பிடித்தால் திருவெறும்பூர் நெரிசலைத் தவிர்க்கலாம், கிலோமீட்டர் கூடினாலும் நேரம் மிச்சம். ஏர்போர்ட்டில் இரண்டரையிலிருந்து மூன்று மணி. விமானம் ஒரு மணி. அங்கே வெளியே வர ஒரு மணி. சாலை முக்கால் மணி. ஆக வீட்டுக் கதவிலிருந்து கோயில் வாசலுக்கு ஆறரை, ஏழு மணி நேரம். அதில் விமானம் தரையைத் தொடாமல் இருப்பது அரை மணி நேரம்.

ஏழு மணி நேரத்தில் 184 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 26. நல்ல சைக்கிள்காரன் கூட வருவான், கடல் மட்டும் இல்லாமல் இருந்தால்.

என் யோசனை, கல்யாணத்தை விட்டுவிடுங்கள். அல்லது முந்தின நாள் விமானத்தில் போங்கள்.

---

தஞ்சாவூர்_மேளம்

முடிவு எடுத்துவிட்டேன். காலைக் கல்யாணத்தைச் சித்தப்பா பையன் செட்டுக்குக் கொடுத்துவிட்டேன், முன்பணத்தையும் அவனிடமே கொடுத்தாயிற்று. பெண் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நேரில் போய்ச் சொன்னதால் ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் அன்றைக்குக் காலை 7.30க்கே தஞ்சாவூரை விட்டுக் கிளம்புகிறோம். முந்தின நாள் போகலாம் என்றால் அன்றைக்கு இருவருக்கு வேறு வாசிப்பு.

திரும்பி வந்ததும் கடிகாரம் பார்த்து எழுதுகிறேன்.

---

தஞ்சாவூர்_மேளம் (மூன்று வாரம் கழித்து)

போய் வந்தாயிற்று. சொன்னபடி கைப்பேசியில் நேரம் குறித்து வைத்திருந்தேன், வாத்தியாருக்காக அப்படியே போடுகிறேன்.

ஏர்போர்ட் வாசல் 8.50. தவில் இரண்டையும் ஒப்படைக்க 10.40 ஆனது, ஏனென்றால் ஸ்கேனரில் போட்டுவிட்டு வந்த இளைஞர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார், ஒன்றுமில்லை, வெறும் காற்றுதான் என்று எங்கள் நாதஸ்வரக்காரர் பதில் சொன்னார், அது அவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. உறையைக் கழற்றி, வலந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

விமானம் அசைந்தது 1.09. தரையை விட்டது 1.16. ரன்வே_ஓரம் அண்ணே சொன்ன மாதிரியே மேற்கே கிளம்பி வளைந்து திரும்பியது. பட்டுக்கோட்டை தெரியவில்லை, கீழே மேகம். கடல் தெரிந்தது. கோடியக்கரை என்று நான் காட்டியது வேறு ஏதோ மேகம் என்று பின்னால் சொன்னார்கள். தரை தொட்டது 1.49. நின்றது 1.53. பறந்தது 33 நிமிடம், கட்டைக்குக் கட்டை 44 நிமிடம். அந்தத் தளம் சொன்ன 44 தப்பான கணக்கில் சரியாக வந்துவிட்டது வாத்தியாரே!

பலாலியில் குடிவரவு கால் மணி நேரத்தில் முடிந்தது, அழைப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டு எந்தக் கோயில் என்று மட்டும் கேட்டார்கள். சாமான் வர அரை மணி. எல்லாப் பெட்டியும் வந்து, ஆட்கள் எல்லாம் போய், நாங்கள் நாலு பேர் மட்டும் நின்றோம். முதல் தவில் வந்தது. இரண்டாவதை ஒரு ஊழியர் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார், தள்ளுவண்டியில் போட மனம் வரவில்லை, எங்கள் அப்பாவும் தவில்தான் என்றார். ஊர் இணுவிலாம். ராத்திரி மேளச்சமாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.